இறால் தின்னத ஜீரணம் பண்றது யாரு, இறாலா குடல் பாக்டீரியாவா? (வாலாஜா பக்கம் நன்னீர் இறால் குட்டை)

ஏரிக்கரை_வாலாஜா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வாலாஜாவுக்கும் காவேரிப்பாக்கத்துக்கும் நடுவுல நம்ம நிலத்துல பண்ணைக்குட்டை வெட்டி கட்லா, ரோகு கூட நன்னீர் இறாலும் வுட்டுகீறன், அதான் நீலக் கொடுக்கு இறால், ஸ்கேம்பின்னு சொல்வாங்களே. மீன் நல்லா ஏறுது. இறால் மட்டும் தீவனத்த தின்னுது, உடம்புல ஒட்டவே மாட்டேங்குது. நாலஞ்சு மட்டும் பெருசா கொடுக்கு வெச்சிகினு திரியுது, மீதியெல்லாம் வுட்டப்போ இருந்ததுக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான்.

தீவனக் கடைல கேட்டா, இறாலுக்கு சொந்தமா ஜீரண சக்தியே கிடையாது, மாட்டு வயித்துல மாதிரி குடல்ல கீற பாக்டீரியாதான் எல்லாத்தையும் ஜீரணம் பண்ணி குடுக்குது, உன் போர் தண்ணில அந்த பாக்டீரியா இல்ல, அதனால தினமும் தீவனத்துல கட் ப்ரோபயாட்டிக், அதான் குடலுக்கு நல்ல பாக்டீரியா பவுடர், கலந்து போடுன்றாரு. அந்த பவுடர் ஒரு கிலோ விலை தீவன மூட்டை விலைய எட்டி புடிக்குது. அவர் சொல்றது நெசமா? இறாலுக்கு ஜீரணம் இன்னா மாதிரி நடக்குதுன்னு தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

நெல்லூர்_ரிட்டர்ன் எழுதியது:

அண்ணா, நான் ஆற்காட்டுக்காரன், நெல்லூர் பக்கம் வனாமி இறால் பண்ணைல டெக்னீசியனா இருந்துட்டு ஊருக்கு வந்துட்டேன். மாட்டு வயிறு கதை இறாலுக்கு ஒத்து வராது, அத முதல்ல சொல்லிடறேன்.

வீட்ல இறால் உரிக்கும்போது முதுக கீறி ஒரு கருப்பு நரம்ப இழுத்து போடுவோம் இல்லையா, அது நரம்பு இல்ல, குடல். அவ்ளோ மெல்லிசு. மாட்டுக்கு முன்வயிறே ஒரு பெரிய தொட்டி, புல்லு அங்க மணிக்கணக்கா ஊறும், பாக்டீரியாவுக்கு வேலை செய்ய டைம் இருக்கு. இறாலுக்கு தின்னது சில மணி நேரத்துல பின்னாடி நூலா வந்துடும், அந்த நேரத்துல பாக்டீரியா உக்காந்து மொத்தத்தையும் நொதிக்க வெக்க எங்க வழி? இறாலோட வயிறு தலைலதான் இருக்கு, உள்ள பல்லு மாதிரி அரைக்கிற அமைப்பு இருக்கு, அரைச்சது அங்கயே பக்கத்துல இருக்கிற ஹெச்பி-ல போய் சேரும். ஹெச்பின்னா ஹெப்படோபேன்க்ரியாஸ், கல்லீரலும் கணையமும் சேந்து ஒரே உறுப்பா இருக்குன்னு வெச்சிக்கோங்க, தலைய உடைச்சா பழுப்பா ஆரஞ்சா கொழகொழன்னு வரும் பாருங்க, குழம்புல அதுக்குதான் அவ்ளோ ருசி. டிரிப்சின், அமைலேஸ், லைப்பேஸ்னு ஜீரண நொதி எல்லாம் அதுவேதான் சுரக்குது, சத்த உறிஞ்சறதும் அதுவேதான், கொழுப்ப சேத்து வெக்கறதும் அதுவேதான். சொந்தமா ஜீரண சக்தி இல்லன்னு சொல்றவர ஒரு இறால் தலைய பிரிச்சு பாக்க சொல்லுங்க.

இறாலால முடியாதது ஒண்ணு உண்டு, கொலஸ்ட்ரால் சொந்தமா தயாரிக்க முடியாது, தீவனத்துலதான் வரணும். அதனாலதான் இறால் தீவனத்துல அத தனியா சேக்கறாங்க. மீன் தீவனத்தையே இறாலுக்கும் போடறீங்களான்னு சொல்லுங்க.

விலங்கியல்_மாணவி எழுதியது:

ரிட்டர்ன் அண்ணா சொன்ன அடிப்படை சரி, ஆனா பாக்டீரியாவுக்கு ஒரு வேலையும் இல்லன்னு போயிட கூடாது. நான் வேலூர்ல எம்எஸ்சி விலங்கியல் படிக்கிறேன், கிரஸ்டேசியன், அதான் இறால் நண்டு இனம், அதோட குடல்தான் என் ப்ராஜெக்ட், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

ரொம்ப காலமா எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தது என்னன்னா, செல்லுலோஸ, அதான் செடியோட நார, உடைக்கிற நொதி எந்த விலங்குக்கும் சொந்தமா கிடையாது, எல்லாம் குடல் பாக்டீரியா போடற பிச்சைதான்னு. 1999ல ஆஸ்திரேலிய நன்னீர் கிரேஃபிஷ் ஒண்ணுல, செராக்ஸ் குவாட்ரிகாரினேட்டஸ், செல்லுலேஸ் ஜீன் அந்த விலங்கோட சொந்த டிஎன்ஏலயே இருக்குன்னு காட்டினாங்க. உங்க இறாலுக்கு கிட்டத்து சொந்தம்தான் அது. இறால் ஓடு எதால ஆனதோ அந்த கைட்டின் கதையும் அதேதான். இறால் சட்டை உரிச்சதும் அந்த தோல தானே தின்னும், பாத்திருப்பீங்க. அந்த ஓட்ட உடைக்கிற கைட்டினேஸ ஹெச்பியே சுரக்குது, கூடவே குடல்ல இருக்கிற விப்ரியோ மாதிரி பாக்டீரியாவும் கைட்டின உடைக்கும். ரெண்டு பேரும் செய்யற வேலை அது.

அப்புறம் ரொம்ப பேர் கவனிக்காத விஷயம் ஒண்ணு. இறாலோட முன்குடலுக்கும் பின்குடலுக்கும் உள்ளார ஓடு மாதிரியே கைட்டின் பூச்சு இருக்கு, சட்டை உரிக்கும்போது அந்த உள் பூச்சும் சேந்து கழண்டு வந்துடும். அதுல ஒட்டிக்கிட்டு இருந்த பாக்டீரியா கூட்டம் அதோட காலி. மறுபடி தண்ணிலருந்தும் தீவனத்துலருந்தும்தான் குடியேறணும். நடுக்குடல்ல மட்டும் அந்த பூச்சு இல்ல, அங்க சாணத்த சுத்தி ஒரு மெல்லிய உறை இருக்கும், செக் ட்ரேல (தீவனம் தின்னுதான்னு பாக்க குட்டைல இறக்கற தட்டு) நூல் நூலா கிடக்கிறது அந்த உறையோடதான் வருது. ஆக இறால் குடல்ல யார் இருக்காங்கன்றத பெரும்பாலும் முடிவு பண்றது குட்டை தண்ணியும் அடிச்சேறும்தான். போர் தண்ணில பாக்டீரியா இல்லன்னு கடைக்காரர் சொன்னது நிக்காது அண்ணா, சேறும் மீனும் தீவனமும் இருக்கிற குட்டைல சில நாள்லயே பாக்டீரியா நெறஞ்சிடும். எந்த பாக்டீரியான்றதுதான் கேள்வி.

அணைக்கட்டு_மணி எழுதியது:

நல்ல பேச்சு போவுது. ஒரு சந்தேகம், எங்க ஏரில மட்டியும் நத்தையும் எக்கச்சக்கம், எங்க பாட்டி மூலத்துக்கு நத்தைக் கறிதான் செஞ்சு குடுக்கும், நண்டுன்னா சளிக்கு வயல் நண்டு இடிச்சு ரசம். இதுங்களுக்கும் இறால் மாதிரியேதானா? மட்டிக்கு வாயே இல்லாத மாதிரி இருக்குதே, அது எப்பிடி தின்னு ஜீரணம் பண்ணுது?

விலங்கியல்_மாணவி எழுதியது:

மணி அண்ணா, மட்டிக்கு வாய் இருக்கு, ஓட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. செவுள் வழியா தண்ணிய வடிகட்டி, மாட்டற பாசித்துணுக்க சளில சுத்தி வாய்க்கு தள்ளும். வயித்துக்குள்ள ஒரு அதிசயம் இருக்கு. கண்ணாடி மாதிரி தெளிவா, ஜெல்லில செஞ்ச ஒரு கோல், படிகக் கோல்னு புஸ்தகத்துல போட்டிருக்கும், அது ஒரு பக்கம் உரல்ல குழவி சுத்தற மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். நுனி எதிர்ல இருக்கிற ஒரு கெட்டித் தகட்டுல உரசி உரசி கரையும், கரையக் கரைய அதுல இருக்கிற அமைலேஸ் வெளிய வந்து மாவுச்சத்த உடைக்கும். புதுசா பிடிச்ச மட்டிய உடனே திறந்து வயித்துப் பக்கம் மெதுவா கீறினா கோல முழுசா உருவி எடுக்கலாம், லேப்ல செஞ்சிருக்கேன், வெளிச்சத்துல பிடிச்சா அப்பிடி மின்னும். மட்டிய பட்டினி போட்டு வெச்சிட்டா கோல் கரைஞ்சு போய் ஒண்ணும் கிடைக்காது.

அந்தக் கோலுக்குள்ளயே வாழற ஒரு பாக்டீரியா இருக்கு, சுருள் வடிவம், பெரிய சைஸ், கிரிஸ்டிஸ்பைரான்னு பேர், 1882லயே ஆளி (ஆய்ஸ்டர்) வயித்துல பாத்துட்டாங்க. நல்ல ஆரோக்கியமான ஆளில கூட இருக்கும்.

பாக்டீரியா இல்லாம ஜீரணமே இல்லன்ற வார்த்தை நெசமா பொருந்தற ஓட்டுமீன் ஒண்ணு உண்டுன்னா அது கப்பல் புழு. பேர்தான் புழு, அது மட்டி குடும்பம். மரத்த தொளைச்சு தொளைச்சு தின்னு படகையே கவுத்துடும். இதுல வேடிக்கை என்னன்னா, மரத்த உடைக்கிற பாக்டீரியா அதோட குடல்ல இல்ல, செவுள்ல இருக்கு! டெரெடினிபாக்டர் டர்னரேன்னு பேர், 1983ல பிரிச்செடுத்தாங்க, மர நார உடைக்கிறதோட காத்துல இருக்கிற நைட்ரஜனையும் சத்தா மாத்தி குடுக்குது. செவுள்ல தயாராகற நொதி அங்கருந்து மரத்தூள் சேர்ற குடல் பைக்கு போகுதுன்னு 2014ல காட்டினாங்க, அந்தப் பைல பாத்தா பாக்டீரியாவே கிட்டத்தட்ட இல்ல. ஜீரணத்துக்கு உதவற பாக்டீரியா குடல்லதான் இருக்கணும்னு கூட ஒரு சட்டம் கிடையாது.

நெல்லூர்_ரிட்டர்ன் எழுதியது:

கப்பல் புழு விஷயம் இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்லமா, நன்றி. ஆனா நம்ம ஆளுங்க குட்டைல மரம் தின்ற ஜீவன் இல்லையே, அதனால நான் பண்ணைப் பக்கம் வரேன்.

குடல் பாக்டீரியா எவ்ளோ உதவுதுன்றத விட எவ்ளோ அழிக்கும்னு பாத்தவன் நான். 2009ல சைனால ஆரம்பிச்சு வியட்நாம், தாய்லாந்துன்னு பரவின ஈஎம்எஸ்ன்ற இறால் நோய் கதை கேட்டிருப்பீங்க, குஞ்சு வுட்டு ஒரு மாசம் கூட ஆகாம குட்டை மொத்தமும் போயிடும். காரணம் புரியாம ஆளாளுக்கு வைரஸ், பூச்சிமருந்துன்னு பேசினாங்க. 2013ல அமெரிக்கால அரிசோனா யுனிவர்சிட்டில டொனால்ட் லைட்னர் டீம்தான் கண்டுபிடிச்சது, விப்ரியோ பாராஹீமோலிடிகஸ். எப்பவும் தண்ணில இருக்கிற ஜாதிதான், அதுல சில வகைக்கு மட்டும் கூடுதலா ஒரு ப்ளாஸ்மிட், அதான் தனியா ஒரு சின்ன டிஎன்ஏ வளையம், இருக்கு, அந்த ப்ளாஸ்மிட்ல விஷம் தயாரிக்கிற ஜீன். வயித்துல உக்காந்து விஷத்த விடும், அது ஹெச்பிய கரைக்கும். தலைய பிரிச்சா பழுப்பா கொழகொழன்னு இருக்க வேண்டிய ஹெச்பி சுருங்கி வெளுத்து, விரல்ல நசுக்கினா நசுங்காம ரப்பரா நிக்கும். ஜீரண உறுப்பே போச்சுன்னா தீவனம் கொட்டி என்ன, பவுடர் கொட்டி என்ன.

நெல்லூர் பக்கம் லேப்ல தண்ணியும் ஹெச்பியும் தட்டுல போட்டு பாப்பாங்க, மறுநாள் தட்டுல வளர்ந்த விப்ரியோ கூட்டத்துல மஞ்சள் காலனி எத்தனை, பச்சை காலனி எத்தனைன்னு எண்ணுவாங்க. பச்சை ஏறுச்சுன்னா முதலாளி முகம் மாறிடும், ஏன்னா மோசமான விப்ரியோ பலதும் பச்சைலதான் வரும். அப்பதான் பேசில்லஸ் பாக்கெட் பிரிப்போம், ப்ரோபயாட்டிக் பவுடர்ல இருக்கிற பாக்டீரியா அது. அது ஜீரணம் பண்ணி குடுக்கும்னு போடல. அடிச்சேத்துல வீணாப்போன தீவனத்த தின்னு முடிச்சு விப்ரியோவுக்கு சோறில்லாம பண்ணும், இடத்தையும் புடிச்சுக்கும், அதுக்குதான். பேசில்லஸ் வித்து நிலைல தூங்கும், காய வெச்சாலும் சாகாது, அதனாலதான் பவுடரா விக்க முடியுது.

விலங்கியல்_மாணவி எழுதியது:

ஒரு வரி சேத்துக்கறேன் அண்ணா. பேசில்லஸ் கலந்த தீவனம் சாப்பிட்ட இறால்ல புரோட்டியேஸ், அமைலேஸ் அளவு ஏறுது, தீவன மாற்று விகிதம், அதான் ஒரு கிலோ இறால் வளர எத்தனை கிலோ தீவனம்ன்றது, கொஞ்சம் இறங்குதுன்னு வந்த ஆய்வு நெறைய இருக்கு. கூடுதல் லாபம் இருக்கலாம். ஆனா மத்ததெல்லாம் சரியா இருக்கிற குட்டைலதான் அந்த கூடுதல் கண்ணுக்கு தெரியும்.

குடியாத்தம்_செல்வி எழுதியது:

நான் பண்ணையெல்லாம் வெக்கல, வீட்ல சமைக்கிறவ. வேலூர் மீன் மார்க்கெட் போனா இறாலும் நண்டும் வாங்காம வர மாட்டேன். என் சின்ன பையனுக்கு இறால் சாப்பிட்டா உதடு வீங்குது, உடம்பெல்லாம் தடிப்பு வருது. அவனுக்கு குடல்ல நல்ல பாக்டீரியா கம்மி, தயிர் நெறைய குடுத்து கொஞ்சம் கொஞ்சமா இறால பழக்குன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. செய்யலாமா? நம்ம வயித்துல இறால ஜீரணம் பண்றது யாரு?

லேப்_காட்பாடி எழுதியது:

செல்வி அக்கா, தயவு செஞ்சு பழக்காதீங்க. உதடு வீங்கறது ஜீரணக் கோளாறு இல்ல, அலர்ஜி. இறால் தசைல இருக்கிற ட்ரோபோமயோசின்ற புரதத்த உடம்பு எதிரியா நினைச்சுக்கறதுதான் பெரும்பாலும் காரணம், எவ்ளோ கொதிக்க வெச்சாலும் அது மாறாது. நண்டுலயும் அதே மாதிரி புரதம் இருக்கு, கரப்பான் பூச்சிலயும் வீட்டு தூசிப் பூச்சிலயும் கூட இருக்கு. அடுத்த வாட்டி உதடோட நிக்காம தொண்டை வீங்கி மூச்சு முட்டலாம். பையன அலர்ஜி பாக்கற டாக்டர்கிட்ட காட்டற வரைக்கும் இறால், நண்டு ரெண்டும் வேணாம், அந்த குழம்பு எடுத்த கரண்டிய அவன் தட்டுல போடறதும் வேணாம். எப்பவாவது மூச்சு திணறுச்சுன்னா வீட்டு வைத்தியம் பாக்காம நேரா ஆஸ்பத்திரி.

அலர்ஜி இல்லாத மத்தவங்களுக்கு இறால் சதைய ஜீரணம் பண்றது நம்ம வயித்து அமிலமும் நம்ம நொதியும்தான், அதுல பாக்டீரியாவுக்கு பெரிய பங்கு இல்ல. ஓடு, வால் நுனின்னு உள்ள போற கைட்டினுக்கு நம்ம வயித்துலயே ஒரு கைட்டினேஸ் சுரக்குது, ஆளுக்கு ஆள் அளவு மாறும், உடையாத மிச்சம் பெருங்குடலுக்கு போகும், அங்க பாக்டீரியா கொஞ்சம் தின்னும். கடல் சாப்பாட்டால மனுஷன் குடல் பாக்டீரியாவே மாறின கதை ஒண்ணு இருக்கு, 2010ல வந்தது. ஜப்பான்காரங்க குடல்ல இருக்கிற ஒரு பாக்டீரியாகிட்ட கடல்பாசிய உடைக்கிற ஜீன் இருக்கு, அது கடல் பாக்டீரியாகிட்ட இருந்து தாவி வந்தது. தலைமுறை தலைமுறையா பாசி சாப்பிட்டதால வந்த சொத்து.

பெருங்குடல் பாக்டீரியா எவ்ளோ வேலை செய்யும்னு பாக்க ஜப்பான் வரைக்கும் போக வேணாம், நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிலயே பாத்திருக்காங்க. காலரா நோயாளிங்களுக்கு ஓஆர்எஸ் கரைசல்ல சிறுகுடல்ல ஜீரணம் ஆகாத ஒரு வகை மக்காச்சோள மாவ கலந்து குடுத்தாங்க, பி.எஸ்.ராமகிருஷ்ணா டீம், 2000ல வந்தது. அந்த மாவு பெருங்குடலுக்கு போனதும் பாக்டீரியா அத நொதிக்க வெச்சு சின்ன கொழுப்பு அமிலமா மாத்துது, அந்த அமிலம் உள்ள உறிஞ்சப்படும்போது சோடியத்தையும் தண்ணியையும் கூடவே இழுத்துக்குது, பேதி சீக்கிரம் நிக்குது. காலரா கிருமியும் விப்ரியோதான், இறாலோட ஓட்டுல இருக்கிற கைட்டின் மேல ஒட்டி வாழற ஜாதி. வயல் நண்டோ மட்டியோ அரைவேக்காடா சாப்பிட வேணாம்னு சொல்றதுக்கு அது ஒரு காரணம், நண்டுல நுரையீரல் புழு வர்றது இன்னொரு காரணம். மணி அண்ணா, பாட்டி ரசம் நல்லா கொதிச்சதுன்னா பயம் இல்ல.

குடியாத்தம்_செல்வி எழுதியது:

ரொம்ப நன்றிங்க. அவன இனிமே இறால் பக்கமே விட மாட்டேன், இந்த வாரமே காட்டிடறேன்.

நெல்லூர்_ரிட்டர்ன் எழுதியது:

ஏரிக்கரை அண்ணா எங்க போயிட்டீங்க? உங்க குட்டை விஷயம் அப்பிடியே நிக்குது. மூணு கேள்வி. இறால கைல எடுத்தா ஓடு வழவழன்னு இருக்கா, சொரசொரன்னு இருக்கா? தண்ணி கடினத்தன்மை, அதாவது அதுல கரைஞ்ச சுண்ணாம்பு உப்பு, எவ்ளோ? பெரிய கொடுக்கு உள்ளதெல்லாம் ஆணா?

ஏரிக்கரை_வாலாஜா எழுதியது:

எல்லாத்தையும் படிச்சிகினுதான் இருந்தேன், தலை கொஞ்சம் தெளிஞ்சுது. ஓடு சொரசொரன்னு கீது, தலை மேல வெள்ளையா உப்பு பூத்த மாதிரி ஒரு படலம், நகத்தால சொரண்டினா பொடியா வருது. அழுக்குன்னு நெனச்சிகினு இருந்தேன். தண்ணி போர் தண்ணிதான், வீட்ல வெந்நீர் பானைல கூட அடில கல்லு மாதிரி புடிக்கும். கிட் வாங்கி இன்னிக்கு பாத்துட்டேன், கடினத்தன்மை 480 காட்டுது. தண்ணி பச்சையா மாறும்போதெல்லாம் சுண்ணாம்பு வேற போட்டுகினு வரேன், அதுவும் கடைல சொன்னதுதான். பெருசா கீறதெல்லாம் ஆணுதான். தீவனம் இறாலோடதுதான், மீன் தீவனம் இல்ல.

நெல்லூர்_ரிட்டர்ன் எழுதியது:

அதான் அண்ணா விஷயம். நன்னீர் இறாலுக்கு கடினத்தன்மை 30லருந்து 150க்குள்ள இருந்தா நல்லது, 300 தாண்டினாலே வளர்ச்சி படுக்கும், ஓட்டு மேல சுண்ணாம்பு படியும். உங்களுக்கு 480. சட்டை உரிச்சாதான் இறால் பெருசாகும், அதுலதான் சிக்கல். குடல்ல எந்த பாக்டீரியாவ கொண்டு போய் வெச்சாலும் அந்த ஓட்ட அது கழட்டி குடுக்காது. பவுடர் வேணாம், சுண்ணாம்ப இன்னிக்கே நிறுத்துங்க.

பாலாத்து அணைக்கட்டுல தண்ணி திறந்து காவேரிப்பாக்கம் ஏரி ரொம்பற நேரம் பாத்து, கால்வாய் தண்ணியோ மழைத் தண்ணியோ குட்டைல கலந்து போர் தண்ணிய குறைங்க. கால்வாய் வாய்ல நெருக்கமான வலை கட்டிடுங்க, இல்லன்னா விரால் குஞ்சு பூந்து மொத்த இறாலையும் முடிச்சிடும். தோல் ஆலைக் கழிவு கலந்திருக்கலாம், அதனால ராணிப்பேட்டை பக்கத்து தண்ணி எது எடுத்தாலும் குரோமியத்துக்கு ஒரு வாட்டி லேப்ல குடுத்து பாத்துட்டு எடுங்க.

அந்த நீலக் கொடுக்கு ஆணுங்கள வலை போட்டு எடுத்து இப்பவே வித்துடுங்க. பெரிய ஆண் இருக்கிற வரைக்கும் சின்ன ஆணுங்க அடங்கியே கிடக்கும், அத எடுத்ததும் அடுத்த வரிசை கிடுகிடுன்னு வளரும். ஸ்கேம்பிக்கு அது பிறவி குணம், தீவனத்துல குறை இல்ல.

விலங்கியல்_மாணவி எழுதியது:

அண்ணா, பவுடர நிறுத்தினாலும் குடல பாக்கறத நிறுத்தாதீங்க, லேப் வேணாம், கண்ணு போதும். தீவனம் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு செக் ட்ரேல இருந்து நாலஞ்சு இறால் எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. முதுகுல குடல் தலைலருந்து வால் வரைக்கும் இடைவெளி இல்லாம தீவன நிறத்துல ஓடணும். நடுநடுவுல வெட்டி வெட்டி இருந்தா சரியா திங்கலன்னு அர்த்தம். வெள்ளையா தெரிஞ்சாலோ, ட்ரேல வெள்ளை நூல் மிதந்தாலோ உடனே இங்க போட்டோ போடுங்க. ஒண்ண பிரிச்சு ஹெச்பி நிறமும் பாத்துக்கோங்க.

ஏரிக்கரை_வாலாஜா எழுதியது:

இப்பதான் குட்டைலருந்து வரேன். ட்ரேல அஞ்சு எடுத்து வெளிச்சத்துல பாத்தேன், அஞ்சுலயும் குடல் முழுசா ரொம்பிதான் கீது, தீவன நிறம், வெட்டு இல்ல. ஒண்ணு தலைய பிரிச்சேன், ஹெச்பி நல்ல பழுப்பு, நசுக்கினா எண்ணெய் மாதிரி விரல்ல ஒட்டுது. ஆக ஜீரணத்துல கோளாறு இல்ல, தண்ணிதான்.

கடைல பவுடர் வேணாம்னு போன்ல சொல்லிட்டேன். நாளைக்கு காலைல வலைக்கு ஆள் வருது, நீலக் கொடுக்கு எல்லாம் எடுத்து வேலூர் மார்க்கெட்டுக்கு அனுப்பறேன். கால்வாய் தண்ணி பாட்டில்ல புடிச்சு லேப்புக்கு குடுக்கணும், ரிசல்ட் வந்ததும் இதே இழைல போடறேன். ரிட்டர்ன் தம்பி, விரால் குஞ்சுக்கு வலை கண்ணு எவ்ளோ சின்னதா இருக்கணும்?

நெல்லூர்_ரிட்டர்ன் எழுதியது:

கொசுவலை துணி ரெண்டு மடிப்பா கட்டுங்க அண்ணா, முட்டையும் குஞ்சும் ரெண்டுமே நிக்கும். தினமும் காலைல பாசிய தட்டி விடுங்க, இல்லன்னா அடைச்சிக்கினு தண்ணி மேல வழியும்.